மஞ்சளை அளப்பது யார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேளாண் பொருளாதாரம், மருந்துச் செடிகள், நானோ பொருள்கள் ஆகிய மூன்று துறைகளையும் தொட்டுப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். தனித்தனியாகப் பேசினால் மூன்றும் அரைகுறையாக நின்றுவிடும். ஆகவே மூன்றும் வந்து கூடுகிற ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டேன். ஈரோட்டு வட்டாரத்து மஞ்சள் விற்பனைக்கூடம்தான் அந்த இடம்.

தை, மாசியில் அறுவடை முடிந்து, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்ட மஞ்சள் மூட்டைகள் பெருந்துறைக்கும் ஈரோட்டுக்கும் கோபிக்கும் வருகின்றன. விரலி தனி, கிழங்கு தனி. ஒவ்வொரு விவசாயியின் சரக்கிலிருந்தும் சாம்பிள் எடுத்து வைக்கிறார்கள். வணிகர் ஒரு விரலியைக் கையில் எடுத்து மேல்தோலைப் பார்க்கிறார். பிறகு ஒடிக்கிறார். ஒடிகிற ஓசையிலேயே காய்ச்சல் பதம் அவருக்குத் தெரிந்துவிடும். உள்ளே ஆரஞ்சுச் சாயல் ஓடுகிறதா, வெளுத்துக் கிடக்கிறதா, நடுவில் வெந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலையை எழுதிப் போடுகிறார். தலைமுறை தலைமுறையாகப் பழகிய கண் அது. அந்தத் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் கண்ணால் அளக்க முடியாத ஒன்றுக்காகத்தான் இன்று உலகத்தின் ஒரு பகுதி மஞ்சளை வாங்குகிறது. அது குர்க்குமின். புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்த ஈரோட்டு மஞ்சளில் அது ஏறக்குறைய இரண்டரை முதல் நாலரை சதவீதம் வரை இருக்கிறது. அதாவது மூன்று சதவீதச் சரக்கில் குவிண்டாலுக்கு மூன்று கிலோ குர்க்குமின். நாலு சதவீதச் சரக்கில் நாலு கிலோ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் விலையும் ஒன்றுதான். நாலு சதவீதம் விளைவித்தவர் ஒரு கிலோ குர்க்குமினைச் சும்மா கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். கொடுத்தோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. சாறு பிழியும் தொழிற்சாலை வாசலுக்கு அதே மஞ்சள் போகும்போது ஆய்வகத்தில் அளந்த பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். அங்கிருந்து மாத்திரையாகவோ பொடியாகவோ வெளியே வரும்போது மில்லிகிராம் கணக்கில் விலை எழுதியிருக்கிறார்கள்.

ஒரே பொருளுக்குச் சங்கிலியின் ஒரு முனையில் குவிண்டால் கணக்கு, மறுமுனையில் மில்லிகிராம் கணக்கு. பயன்பாட்டு ஆய்வு என்று நாம் சொல்லிக்கொள்வது இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே நிற்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. அளவைக் கருவி விளைவித்தவர் கைக்குப் போகாதவரை, ஆய்வகத்தில் நாம் எதைக் கண்டுபிடித்தாலும் அதன் பலன் சந்தையைத் தாண்டித்தான் போய்ச் சேரும்.

இதன் விளைவைப் பயிர் ரகங்களில் பாருங்கள். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பிரதிபா என்ற மஞ்சள் ரகத்தை உருவாக்கியது. குர்க்குமின் ஆறு சதவீதத்தைத் தாண்டும் ரகம் அது. பின்னால் அவர்களே வெளியிட்ட பிரகதி ரகம் ஆறு மாதத்திலேயே அறுவடைக்கு வந்துவிடுகிறது. இங்கே பவானிசாகர் ஆராய்ச்சி நிலையமும் தன் பங்குக்கு ரகங்களைத் தந்திருக்கிறது. இவற்றைச் சொன்னால் விவசாயி கேட்கும் முதல் கேள்வி, “எடை நிக்குமுங்களா?” என்பதுதான். அந்தக் கேள்வியில் அறியாமை ஏதும் இல்லை. எடைக்குத்தான் காசு என்றால் எடையைத்தான் கேட்பார். ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன் விதைக்கிழங்கு வாங்கி நட்டு, ஒன்பது மாதம் தண்ணீர் பாய்ச்சி, களையெடுத்து, கிழங்கு அழுகலுக்குப் பயந்து, வெட்டியெடுத்து வேகவைத்துக் காயவைத்தால் பச்சை எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த ஐந்தில் ஒரு பங்கும் எந்த விலைக்குப் போகும் என்று நடும்போது தெரியாது. 2010 கடைசியில் குவிண்டால் பதினேழாயிரம் ரூபாய் அளவுக்குப் போன விலை, இரண்டே ஆண்டுக்குள் நாலாயிரத்தைச் சுற்றி விழுந்ததை இந்த அரங்கில் உள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இப்படிப்பட்ட விலைக்கு முன்னால் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு சதவீதத்துக்காக ரகத்தை மாற்றுங்கள் என்று எந்த உரிமையில் கேட்பது?

கண்ணால் விலை போடுகிற சந்தைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கண்ணை ஏமாற்றலாம். வங்காளதேசத்தில் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அளவைக் கருவி சந்தைக்குள் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1980-களில் அங்கே பெருவெள்ளம். மஞ்சள் சரியாகக் காயாமல் கறுத்துப்போனது. மங்கிய மஞ்சளை யாரும் வாங்கவில்லை. பாலிஷ் போடும் இடத்தில் யாரோ மஞ்சள் நிறச் சாயத்தூளைச் சேர்த்தார்கள்; கிழங்கு பளபளத்தது, விலை போனது. அந்தத் தூள் ஈய குரோமேட். மரச்சாமான்களுக்கும் வண்டிகளுக்கும் அடிக்கிற வர்ணத்தில் சேர்ப்பது. வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் நின்றுவிடவில்லை. பளபளப்புக்குப் பழகிய கண், பளபளப்பைத்தான் தொடர்ந்து கேட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. ஊர்ப்புறத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏன் இருக்கிறது என்று தேடிப்போன ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வங்காளதேச ஆய்வாளர்களும் கடைசியில் சமையலறை மஞ்சளில் வந்து நின்றார்கள். அந்த முடிவு 2019-இல் வெளியானது.

பெரும்பாலான ஆய்வுகள் அந்த இடத்தில் முடிந்துவிடும். கட்டுரை வெளியாகும், மேற்கோள் எண்ணிக்கை ஏறும். இவர்கள் நிற்கவில்லை. வங்காளதேச உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து, கையில் பிடித்துக் காட்டினால் ஈயம் இருப்பதைச் சொல்லிவிடும் எக்ஸ்கதிர்க் கருவியை டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தைக்கே கொண்டுபோனார்கள். எல்லோர் முன்னிலையிலும் சாக்குகளைச் சோதித்தார்கள். ஈயம் கலந்த சரக்கைப் பறிமுதல் செய்து நடமாடும் நீதிமன்றம் அபராதம் விதித்தது. செய்தி தொலைக்காட்சியில் வந்தது. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தென்பட்டது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் அரவை ஆலைத் தொழிலாளர்களின் இரத்தத்தில் ஈய அளவு ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்தது. இரண்டே ஆண்டு. புது வேதியியல் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்த கருவியைச் சாக்கு மூட்டைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள், அவ்வளவுதான். இந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. பயன்பாட்டு ஆய்வு என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன்.

நம் ஊரிலும் அளந்து விலை கொடுக்கும் வழக்கம் இல்லாமல் இல்லை. காலையில் பால் சொசைட்டிக்குப் போய்ப் பாருங்கள். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-இல் தொடங்கிய கூட்டுறவிலிருந்து இங்கே பரவிய முறை அது. பாலின் கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்து விலை போடுகிறார்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் ஊற்றுகிற பெண்ணுக்கும் தன் பாலின் கொழுப்பு எத்தனை புள்ளி என்று தெரியும். தீவனத்தை மாற்றினால் புள்ளி ஏறுமா என்று யோசிக்கிறார், பருத்திக்கொட்டை வைத்துப் பார்க்கிறார், அடுத்த வாரம் அட்டையில் எண்ணைப் பார்க்கிறார். அளவை கைக்கு வந்ததும் அவரே ஆய்வாளர் ஆகிவிடுகிறார். கரும்பில் அப்படி அமையவில்லை. கரும்பு விலையைச் சர்க்கரைக் கட்டுமானத்தோடு இணைத்திருக்கிறார்கள், 10.25 சதவீதம் அடிப்படை. ஆனால் அது ஆலை முழுவதற்குமான சராசரி. நல்ல கரும்பு வெட்டிய தனி விவசாயியின் உழைப்பு அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறது.

மருந்துச் செடிப் பக்கம் வருவோம். கண்வலிக்கிழங்கு நம் மாநில மலரான செங்காந்தள்தான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் கம்பிப் பந்தலிலோ முள்கிளுவை மேலோ படரவிட்டு வளர்க்கிறார்கள். பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்து நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. ஆகவே காலை வேளையில் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்க வேண்டும். செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் விதையில் கோல்ச்சிசின் ஒரு சதவீதத்தை எட்டுவதில்லை. 1820-இல் பிரான்சில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள். கீல்வாதத்துக்கு மருந்து. செல் பிரியும்போது தோன்றும் நுண்குழாய்களைக் கட்டிப்போடுவதால், பயிர் வளர்ப்பாளர்கள் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கவும் 1937-இலிருந்து அதைப் பயன்படுத்துகிறார்கள். விதையில்லாத் தர்ப்பூசணி அந்த வழியில் வந்ததுதான். 2023-இல் குறைந்த அளவுக் கோல்ச்சிசினை இதய நோய்த் தடுப்புக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது.

மருந்துச் சந்தையில் என்ன நடக்கிறது? அதே அமெரிக்காவில் 2009-இல் ஒரு நிறுவனத்துக்குத் தனியுரிமை கிடைத்ததும், பத்து சென்டுக்குள் இருந்த கோல்ச்சிசின் மாத்திரை ஐந்து டாலரை நெருங்கியது. விதை விலையால் வந்த ஏற்றம் அன்று அது. சட்டம் கொடுத்த உரிமையால் வந்தது. இங்கே கண்வலி விதை கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய ஆண்டும் உண்டு, அதில் பாதிக்கும் கீழே போன ஆண்டும் உண்டு. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று விளைவித்தவருக்குச் சொல்ல ஆளில்லை. விதை பெரும்பாலும் இடைத்தரகர் வழியாகவே போகிறது. கோல்ச்சிசின் எத்தனை சதவீதம் என்று யாரும் அவருக்குக் காகிதம் தருவதில்லை.

இன்னொரு பக்கம், 2020-இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் சாட்டெலியின் குழு, நம் செங்காந்தள் எந்தெந்த நொதிகளைக் கொண்டு கோல்ச்சிசினைக் கட்டுகிறது என்று கண்டறிந்து, அந்த மரபணுக்களைப் புகையிலை இனச் செடியொன்றில் ஏற்றி, கோல்ச்சிசினுக்கு மிக நெருங்கிய முன்பொருள் வரை உருவாக்கிக் காட்டியது. அறிவியலாக அது அழகான வேலை. 2022-இல் நித்தியகல்யாணியில் உள்ள புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களை ஈஸ்ட்டிலேயே உண்டாக்கினார்கள். அந்த நித்தியகல்யாணியைத் தென்மாவட்டத்துக் கரிசலில் மானாவாரியாக விளைவிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. 1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபிறகு தென்னார்க்காட்டு அவுரிக்கு என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். நொதிகளின் வரிசை நாளைக்கே கண்வலித் தோட்டத்தை மூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. பந்தல் கம்பிக்கும் விதைக்கிழங்குக்கும் கடன் வாங்கி முதல் போடுகிறவருக்கு இந்தச் செய்தியைக் கொண்டுசேர்ப்பது வேளாண் பொருளாதாரத் துறையின் வேலை. அந்த வேலையைச் செய்ய யாரும் தனியாக நியமிக்கப்படவில்லை என்பதே என் கவலை.

இனி நானோ பொருள்கள். இங்கே மாணவர்கள் அதிகம் இருப்பதால் சற்று வெளிப்படையாகவே பேசுகிறேன்.

குர்க்குமின் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது. விழுங்கினால் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். சேர்ந்ததையும் ஈரல் விரைவில் மாற்றிவிடும். 1998-இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், இரண்டு கிராம் குர்க்குமினோடு இருபது மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால் அது இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். பைப்பரின் மிளகில் உள்ளது. மஞ்சளையும் மிளகையும் பாலில் சேர்க்கும் நம் வீட்டு வழக்கத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் ஆய்வு அது. நானோ வழி வேறு. ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரத் துகளை ஒவ்வொரு பக்கமும் பத்தாக வெட்டினால் ஆயிரம் துண்டு. எடை அதேதான், வெளிப்பரப்பு மட்டும் பத்து மடங்கு. பரப்பு கூடினால் கரைவதும் பரவுவதும் கூடும். அவ்வளவு எளிய தர்க்கத்தின் மேல்தான் நானோ குர்க்குமின் நிற்கிறது.

ஆனால் உடலுக்குள் அதிகம் செலுத்துவது மட்டும் மருந்தாகிவிடாது. 2017-இல் வந்த ஒரு விரிவான திறனாய்வு, ஆய்வகத் தட்டில் எல்லாவற்றுக்கும் வினைபுரிவதுபோல் தோன்றும் குர்க்குமினின் இயல்பையே சந்தேகத்துக்கு உரியதாகக் காட்டியது. போலிமாத்திரையோடு ஒப்பிட்டுக் கறாராக நடத்திய மனிதச் சோதனைகளில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்றும் எழுதியது. 2019-இல் இத்தாலியில் குர்க்குமின் துணைமாத்திரை உட்கொண்டவர்களிடம் ஈரல் அழற்சி தென்பட்டது. 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்களும் அத்தகைய ஈரல் பாதிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். மிளகுச்சாறு சேர்த்த தயாரிப்புகளும் அவற்றில் இருந்தன. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. உடல் தானாக வடிகட்டி நிறுத்தி வைத்ததை நாம் வலிந்து உள்ளே தள்ளும்போது அளவும் பொறுப்பும் கூடவே வர வேண்டும் என்பதுதான் செய்தி.

அளவு என்றதும் நானோ யூரியா நினைவுக்கு வருகிறது. 2021-இல் அறிமுகமான அரை லிட்டர் புட்டியில் நாலு சதவீதம் தழைச்சத்து. அதாவது இருபது கிராம். ஒரு மூட்டை யூரியா நாற்பத்தைந்து கிலோ, 46 சதவீதம். கிட்டத்தட்ட இருபத்தொரு கிலோ தழைச்சத்து. ஒரு புட்டி ஒரு மூட்டைக்குச் சமம் என்று சொன்னார்கள். இலை வழியாக உறிஞ்சும் திறன் எவ்வளவு கூடினாலும், இல்லாத தழைச்சத்தை எந்தத் துகளும் உண்டாக்கித் தராது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் சோதனையில் யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்தபோது நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது. 2023-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் இருவர் அந்தச் சமன்பாட்டைக் கேள்விக்கு உட்படுத்திக் கட்டுரை எழுதினார்கள். பின்னால் புட்டியின் செறிவை இருபது சதவீதமாக உயர்த்தினார்கள். அப்போதும் அது நூறு கிராம்தான். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த எந்த விவசாயியும் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை, விற்பனைக்கு முன்பே நம் பல்கலைக்கழகங்கள் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

நம் கல்லூரி ஆய்வகங்களில் என்ன நடக்கிறது? ஏதாவது ஓர் இலையைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால் நிறம் பழுப்பாக மாறும். நிறமாலையில் 420 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு முகடு வரும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் எடுக்கிறோம். தட்டில் கிருமியை வளர்த்து அதைச் சுற்றி வெறுமையான வட்டம் வருகிறதா என்று பார்க்கிறோம். ஒரு கட்டுரை முடிந்தது. அடுத்த ஆண்டு வேறொரு மாணவி வேறோர் இலை. துளசி முடிந்து வேம்பு, வேம்பு முடிந்து கீழாநெல்லி. வெறும் வெள்ளி அயனியே கிருமியைக் கொல்லுமே, துகளால் எவ்வளவு, அயனியால் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தீர்களா? ஆடியில் பறித்த இலையும் மார்கழியில் பறித்த இலையும் ஒரே அளவுத் துகளைத் தருமா? கிராமுக்கு என்ன செலவு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத கட்டுரைகளில் உங்கள் இளமையின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நானோ பொருள் ஏற்கெனவே நம் வீட்டுக்குள் வந்து நல்ல வேலை செய்திருக்கிறது. கர்ப்பம் உறுதிசெய்யும் பட்டையிலும் கொரோனாக் காலத்து வீட்டுச் சோதனைப் பட்டையிலும் தெரிந்த செந்நிறக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்களின் நிறம்தான். தங்கத்தைச் சில பத்து நானோமீட்டர் அளவுக்குக் குறைத்தால் அது சிவப்பாகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் நீலமாகிறது. மின்சாரம் வேண்டாம், பெரிய கருவி வேண்டாம், படிப்பும் வேண்டாம். கோடு தெரிகிறதா என்று பார்த்தால் போதும். விவசாயிக்கு நானோ அறிவியல் தரக்கூடிய பெரிய கொடை புட்டியில் அடைத்த உரத்தைவிட இப்படிப்பட்ட பட்டையாகவே இருக்கும் என்று நம்புகிறேன். ஈயம் இருக்கிறதா, விதையில் கோல்ச்சிசின் நிறைந்திருக்கிறதா, கிழங்கில் குர்க்குமின் எத்தனை என்று களத்துமேட்டிலேயே பார்க்கக்கூடிய பட்டை.

குர்க்குமினுக்குப் பட்டைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. அது தானே நிறமி. பொடியை எரிசாராயத்தில் ஊறவைத்து 425 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுவதை அளந்தால் மொத்தக் குர்க்குமினாய்டு அளவு கிடைத்துவிடும். எந்தக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்திலும் அந்தக் கருவி உண்டு. மஞ்சள் சாயம் கலந்த பொடி இந்தச் சோதனையை ஏமாற்றிவிடும் என்பது உண்மை. ஆனால் விவசாயி கொண்டுவருவது முழுக் கிழங்கு. எதிரிலேயே அரைத்துச் சோதித்தால் அந்த ஐயம் பெரிதும் நீங்கும். உண்மையான சிக்கல் மாதிரி எடுப்பதில் இருக்கிறது. ஒரே வயலில் விரலிக்கும் கிழங்குக்கும் வேறுபாடு, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு, வேகவைத்த பதத்திலும் வேறுபாடு. எத்தனை சாக்கிலிருந்து எத்தனை விரலி எடுத்தால் எண் நிலைத்து நிற்கும் என்பதைச் சொல்லுவது புள்ளியியல் மாணவர்களுக்கான முதல்தரமான ஆய்வுப் பொருள். கருவியின் பிழையைவிட மாதிரியின் பிழை பெரிதாக இருக்கும் துறை இது.

ஓர் அச்சத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அளவைக் கருவி எப்போதும் விவசாயிக்குத் துணையாகவே இருந்ததில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மார்கழி, தை மழையில் நனைந்த குவியலோடு டெல்டா விவசாயி வரிசையில் நிற்கும்போது அந்தக் கருவி ஒருபக்கம் மட்டுமே பேசுகிறது. பதினெட்டைக் காட்டினால் திருப்பி அனுப்பும். பதினான்கைக் காட்டினால் கூடுதல் விலை ஏதும் கிடைக்காது. குறைப்பதற்கு மட்டும் அளவு, கூட்டுவதற்கு இல்லை. மஞ்சளிலும் இப்படி ஆகிவிட்டால், சுமாரான மண்ணில் விளைவிக்கும் சிறு விவசாயி இன்று கண் தயவில் பெறுகிற விலையையும் இழந்துவிடுவார். ஆகவே கூடுதல் சதவீதத்துக்குக் கூடுதல் விலை என்ற ஏணி முதலில் அமைய வேண்டும். மாதிரியின் பாதியை முத்திரையிட்டு விவசாயி கையில் கொடுத்து, ஐயம் வந்தால் வேறிடத்தில் சோதிக்கும் உரிமையும் தர வேண்டும்.

இது நடக்குமா என்று வாதிட்டுக்கொண்டிருப்பதைவிட நடத்திப் பார்ப்பது நல்லது. வரும் மாசியில் ஒரு விற்பனைக்கூடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஏலத்துக்கு வரும் சரக்கில் குலுக்கல் முறையில் பாதிக்குக் குர்க்குமின் அளவை எழுதி ஒட்டுங்கள். மறுபாதியை இன்றுபோலவே விடுங்கள். வணிகர்கள் எழுதும் விலைகளை ஒப்பிடுங்கள். உயர்ந்த சரக்கின் விலை எவ்வளவு ஏறுகிறது, தாழ்ந்த சரக்கின் விலை எவ்வளவு இறங்குகிறது, இறங்கியது யாருடையது என்று ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். வேதியியல் துறை அளக்கட்டும், புள்ளியியல் துறை மாதிரி எடுக்கட்டும், பொருளாதாரத் துறை ஏலத்தைப் படிக்கட்டும். ஒரு முதுகலை மாணவர் குழுவால் முடிகிற வேலை. 2016-இல் தொடங்கிய தேசிய மின்னணு வேளாண் சந்தைத் திட்டத்திலும் தரச் சோதனைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தை நிரப்ப எண்கள் தேவை.

சோதனைச் செலவை யார் ஏற்பது என்று கேட்பீர்கள். விற்பனைக்கூடங்கள் வணிகர்களிடம் வசூலிக்கும் சந்தைக் கட்டணம் இருக்கிறது. சந்தையை மேம்படுத்தத்தான் அந்தப் பணம். சோதனை மேசையும் எரிசாராயமும் அதிலிருந்து வர வேண்டும். மூட்டை இறக்கும் விவசாயியிடம் சோதனைக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.